கைக்கேற்ற அடுக்களை

முடக்குவாதத்துக்கும் நம் வீட்டுச் சமையலுக்கும் நேரம் ஒத்துவராது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டுகள் காலையில்தான் மிகவும் இறுகியிருக்கும். அந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரமாவது பிடிக்கும். நோய் கிளர்ந்திருக்கும் நாளில் உச்சிப்பொழுது வரைகூட ஆகும். நம் அடுப்போ ஐந்தரைக்குப் பற்றி எட்டரைக்குள் அணைந்தாக வேண்டும். டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, சாதம் வடித்து, குழம்பு கூட்டி, பொரியலுக்கு நறுக்கி, பிள்ளைகளுக்கும் ஆபீஸ் போகிறவருக்கும் கட்டிக் கொடுத்து முடிக்கும்போதுதான் என் விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கும். அதற்குள் அவற்றுக்கு உண்டான வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

எனக்கு இது 2006இல் வந்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஆள் படுக்காத வீடு இல்லை. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும்; மூட்டு வலி மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். வாலிபப் பையன்கள்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். துணி பிழிய முடியவில்லை, தம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்பதே அப்போது வாசலில் நின்று பேசுகிற பேச்சு. அதனால் என் கை வீங்கியதை யாரும் தனியாக நினைக்கவில்லை. தெருவே எழுந்து பழையபடி நடமாடத் தொடங்கிய பிறகும் என் விரல்கள் வீங்கியே கிடந்தன.

அப்போது நான் கல்யாணங்களுக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி மாவும் கொஞ்சம் உளுத்தமாவும் வெண்ணெயும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்த மாவை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி முறுக்கி, துணிமேல் வட்டமாக விட வேண்டும். வீட்டுக்கு மூன்று சுற்று, சீருக்கு ஏழு, ஒன்பது, சம்பந்தி வீட்டார் வாய்பிளக்க வேண்டுமென்றால் பதினொன்று. முழுப் பாரமும் அந்த இரண்டு விரல் நுனியில். நோய் வந்து உட்கார்ந்ததும் சரியாக அந்த இரண்டு விரலின் அடியில்தான்.

தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் சேர்த்து வைக்கச் சொன்னார். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், நடு மூட்டுகள், மணிக்கட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. வயதாகி வருகிற தேய்மானம் என்றால் பெரும்பாலும் விரல் நுனி மூட்டையும் கட்டைவிரல் அடியையும் முழங்காலையும் பிடிக்கும். அது குருத்தெலும்பு தேய்வது. முடக்குவாதம் வேறு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறதாம். ரத்தப் பரிசோதனையும் முடக்குவாதம் என்றே சொன்னது. மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்து, வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் இட்டார்.

அதற்கப்புறம் வந்துபோன எல்லோரும் வைத்தியர்கள். புளியை விடு, உருளைக்கிழங்கை விடு, தக்காளியை விடு. முடக்கத்தான் கீரையை மட்டும் நான் விடவில்லை. பச்சரிசியோடு அரைத்து வார்த்தால் அந்தத் தோசைக்கு ஒரு தனிப் பச்சை வாசம் உண்டு. எனக்குப் பிடிக்கும், இன்றும் வார்க்கிறேன். ஆனால் தோசையை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கோணியதையும் பார்த்திருக்கிறேன். சாய்ந்த விரல் பிறகு எந்த மருந்துக்கும் நேராகாது.

மருத்துவர் மருந்தோடு நிற்காமல் இன்னொரு அறைக்கும் அனுப்பினார். அங்கே இருந்த இளம்பெண் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பயிற்சி ஏதாவது சொல்லித் தருவாள் என்று போய் உட்கார்ந்தால், “அம்மா, காலையில எழுந்ததுலேர்ந்து கையால என்னென்ன செய்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஃபில்டரைத் திருகுவதில் தொடங்கினேன். அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை எப்படி இறக்குவீர்கள், காட்டுங்கள் என்றாள். இடுக்கியால் கவ்வித் தூக்குவதுபோல் காட்டினேன். “இதுதாம்மா உங்க கையைத் தின்னுது.”

அவள் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். விரல் செய்கிற வேலையை உள்ளங்கைக்குக் கொடு. உள்ளங்கையால் ஆகாததை முழங்கைக்கும் தோளுக்கும் கொடு. ஒரு கையால் தூக்குவதை இரண்டு கையால் தூக்கு; தள்ளி நகர்த்த முடிந்தால் தூக்கவே தூக்காதே. இறுக்கிப் பிடித்தபடியே நெடுநேரம் இருக்காதே. வலி சொன்ன பிறகு நிறுத்தாதே, சொல்வதற்கு முன்னாலேயே நிறுத்து.

கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்குக் குடம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் அம்மா காலத்துப் பெண்கள் இதைத்தானே செய்தார்கள். குடத்தின் பாரம் இடுப்பில். கை வெறுமனே கழுத்தைச் சுற்றி அணைத்திருக்கும். கம்பிப் பிடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட் வந்த பிறகுதான் பத்து லிட்டர் தண்ணீர் நாலு விரலில் தொங்க ஆரம்பித்தது. நான் பக்கெட்டை விட்டுச் சின்னக் குடத்துக்குத் திரும்பினேன். அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஆட்டுக்கல்லைப் பற்றி ஒருவர் ஏக்கத்தோடு எழுதினால் அவர் மாவு ஆட்டியதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பழசில் உருப்படியானது அரிவாள்மணை. கத்தியால் நறுக்கும்போது ஒரு கை பிடியை இறுக்க வேண்டும், மணிக்கட்டு அமுக்க வேண்டும். அரிவாள்மணையில் அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால் வேலையைத் தோள் பார்த்துக்கொள்ளும். வாழைக்காயும் சேனையும் கத்தியில் என்னை அழவைத்தவை, அரிவாள்மணையில் சொன்ன பேச்சைக் கேட்டன. தரையில் உட்கார்ந்து எழுவதுதான் வம்பு, முழங்காலும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. தெருமுனைத் தச்சரிடம் சொன்னேன். மணைக்கட்டையைக் குறைத்து, அடியில் ஒரு கிளாம்ப் வைத்து மேஜை விளிம்போடு இறுக்கிக் கொடுத்தார். அப்படியே கடையில் விற்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. வேலை முடிந்ததும் அலகுக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டிவிடுவேன். பேரப்பிள்ளைகள் வருகிற வீடு.

சைக்கிள் கடையில் எனக்கு இன்னொரு பொருளும் கிடைத்தது. ஹேண்டில்பாருக்கு மாட்டுகிற ரப்பர் உறை. தோல் சீவியின் ஒல்லிப் பிடியில் துணியைச் சுற்றி, மேலே அந்த உறையை ஏற்றினால் பிடி பருத்துவிடும். பருத்த பிடியை விரல் முழுக்க மடங்காமலே பிடிக்கலாம், ஈரக்கையிலும் வழுக்காது. தோசைத் திருப்பிக்கும் குழம்புக் கரண்டிக்கும் அதே வைத்தியம். கடைக்காரர், “வீட்ல சைக்கிள் இல்லையே அக்கா, உறை மட்டும் எதுக்கு?” என்று கேட்டார்.

நான் சைக்கிள் கடைக்குப் போவதற்கு வெகு முன்னாலேயே அமெரிக்காவில் ஒருவர் இதே யோசனையை ஒரு கம்பெனியாகவே ஆக்கியிருக்கிறார் என்று மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்சிக்குக் கையில் மூட்டு நோய். சாதாரணத் தோல் சீவியைப் பிடிக்க அந்தம்மா பட்ட பாட்டைப் பார்த்து, ஃபார்பர் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து தடித்த, மெத்தென்ற ரப்பர் பிடி போட்ட கருவிகளைச் செய்தார். அவை 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. அந்தத் தோல் சீவி இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது வேறு விஷயம். நோயாளிக்கென்று மூலையில் வைத்து விற்காமல் எல்லோருக்குமான பொருளாக விற்றார்கள், எல்லோரும் வாங்கினார்கள். என் ரப்பர் கரண்டியை இப்போது என் மகளும் விரும்பித்தான் எடுக்கிறாள். அவள் கைக்கு ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறு பொருட்காட்சியில் விற்கிற சாமான்கள். கயிற்றை இழுத்தால் வெங்காயம் பொடியாகும் டப்பா வாங்கினேன். வளையத்தில் ஒரே ஒரு விரலை மாட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். என் போன்ற கைக்கு அதைவிடக் கெட்ட அசைவு கிடையாது. கட்டம் கட்டமாக வெட்டுகிற அமுக்கும் பெட்டி இன்னும் மோசம், கேரட்டுக்கு ஏறி உட்கார வேண்டியிருந்தது. விற்கிறவர் திடமான இளைஞர், வாழைத்தண்டைப் போட்டு அமுக்கிக் காட்டுகிறார். வாங்குவதற்கு முன் நாமே அமுக்கிப் பார்க்கக் கேட்க வேண்டும். தர மறுத்தால் நகர்ந்துவிடலாம்.

சாமானைவிடப் பெரிய மாற்றம் ஒரு ஸ்டூல். அடுப்பு மேடை உயரத்துக்கு ஏற்ற, முதுகு சாய்கிற உயர ஸ்டூல். பாதங்களும் வலித்த காலம் அது. நின்றபடி இரண்டு மணி நேரம் என்னால் ஆகாது. உட்கார்ந்து சமைப்பதைப் பார்த்து உறவுக்கார அம்மாள் ஒருவர், “சமையல்கட்டிலும் நாற்காலியா?” என்று இழுத்தார். என் மாமியார் கூடத்திலிருந்தே பதில் சொன்னார்: “ஏன், கேஸ் வர்றதுக்கு முன்னாடி நீயும் நானும் நின்னுக்கிட்டா சமைச்சோம்?” உண்மைதான். விறகடுப்புக் காலம் முழுக்க நம் பெண்கள் உட்கார்ந்துதான் சமைத்தார்கள். மேடையும் கேஸும் வந்து நிற்க வைத்தன. நிற்பதே முறை என்று பிறகு ஆகிவிட்டது. அத்தை வேறு விஷயங்களில் என்னைச் சும்மா விட்டவர் அல்ல. இதில் என் பக்கம் நின்றார்.

பெரும்பாடு சாதம் வடிப்பதுதான். குக்கரில் வையேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வடித்த சாதம்தான் இறங்கும். ஒரு பானை சாதம் கொதிக்கிற கஞ்சியோடு எவ்வளவு கனம்! வடிதட்டை வைத்து, பிடிதுணியால் பானையையும் தட்டையும் சேர்த்து அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பிக் கவிழ்க்க வேண்டும். நழுவினால் கால்மேல் கொதிகஞ்சி. ஒரு நாள் பாதியில் பிடி விட்டுப்போய், நல்லவேளை தொட்டிப் பக்கமாகச் சாய்ந்தது. அன்றோடு கவிழ்ப்பதை விட்டேன். இப்போது பானை அடுப்பிலேயே இருக்கும். பெரிய கண்கரண்டியால் சாதத்தை அரித்து, பக்கத்திலுள்ள வடிகூடையில் போட்டுவிடுவேன். கூடைக்கு அடியில் ஒரு தட்டு. கஞ்சி ஆறிய பிறகு சொம்பால் மொண்டு ஊற்றலாம், அவசரமே இல்லை. நேரம் கொஞ்சம் கூடுதல். சாதத்தில் வித்தியாசம் கண்டுபிடித்தவர் இதுவரை இல்லை. கவிழ்த்து நிறுத்துவதற்கு ஸ்டாண்டு விற்கிறார்கள். அதிலும் பானையைத் தூக்கி வைக்க வேண்டும் என்பதால் எனக்கு ஒத்துவரவில்லை. மணிக்கட்டு மட்டும் பலவீனமானவர்களுக்கு உதவும்.

குக்கர் பருப்புக்கும் கிழங்குக்கும். ஐந்து லிட்டரை மகளிடம் கொடுத்துவிட்டு இரண்டு சின்னக் குக்கர் வைத்துக்கொண்டேன். கேஸ்கட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் மூடி சண்டை போடாமல் திரும்பும். இரும்புத் தோசைக்கல் அடுப்பிலேயே குடியிருக்கிறது, அதைத் தூக்கி வைப்பதில்லை. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே மேடை ஒரே மட்டமாக இருப்பதால் ஈரத்துணியை அடியில் போட்டுப் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். இடுக்கியை மறந்தாயிற்று, இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரங்கள், இரண்டு கைக்கும் தடித்த பிடிதுணி.

புளியைப் பிசைந்து கரைப்பதில்லை. வெந்நீரில் ஊறப்போட்டு மத்தால் நாலு இடி, வடிகட்டியில் ஊற்றி மேலே ஒரு கரண்டியால் தேய்த்தால் முடிந்தது. சப்பாத்தி மாவை விரலால் பிசையாமல் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் உருட்டித் தள்ளுகிறேன். குழவியையும் பிடிக்காமல் விரித்த கையால் ஓட்டுகிறேன். கைத்துணியைக் குழாயில் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினால் பிழிந்துவிடும். தேங்காய் உடைப்பது வீட்டுக்காரர் வேலை. சிலிண்டர் பக்கம் நான் போவதே இல்லை, 14.2 கிலோ என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும், இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கம். ரெகுலேட்டரின் வளையத்தைத் தூக்கி அமுக்கி மாட்டுவதற்கும் விரல் வேண்டும்.

காய் நறுக்குவதையும் தேங்காய் துருவுவதையும் மாலை நாலு மணிக்கு மாற்றினேன். கை நன்றாக இருக்கும் பொழுது அதுதான். நறுக்கியது டப்பாவில், துருவியது ஃப்ரீசரில். காலையில் எழுந்ததும் முதல் வேலை ஒரு பேசினில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றிக் கையை முக்கி, உள்ளேயே விரலை மடக்கி நீட்டுவது. மார்கழியில் இது இல்லாமல் ஃபில்டரைத் தொடவே முடியாது. அந்த ஃபில்டரும் ராத்திரியே டிகாக்‌ஷன் போட்டு வைத்தது.

மாவு விஷயம்தான் எல்லாவற்றிலும் அதிகப் பேச்சு வாங்கித் தந்தது. டேபிள்டாப் கிரைண்டரில் அரைப்பது மின்சாரம். கல்லை எடுப்பதும் டிரம்மைத் தூக்கிக் கவிழ்ப்பதும் வழிப்பதும் கழுவுவதும் நாம். 2011இல் அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு கிரைண்டர் இல்லாத வீடு எங்கள் பக்கம் அருகிப்போனது. சரியாக அந்தச் சமயத்தில் நான் கடை மாவுக்கு மாறினேன். சாய்க்கிற டில்டிங் கிரைண்டரை ஒரு நாள் ஒரு வீட்டில் பார்த்து ஆசைப்பட்டதுண்டு. இடமும் காசும் இல்லை. “முறுக்கு சுற்றியவ கடை மாவு வாங்குறா” என்பது என் காதுபடவே பேசப்பட்டது. அது கைவலியைவிட அதிகமாக வலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் மாவுக் கடைக்காரரோ உளுந்தை ஏமாற்றாதவர், இட்லி பூவாக வருகிறது. யார் ஆட்டியது என்று தட்டில் இருக்கும் இட்லியைக் கேட்டால் அது சொல்லப் போவதில்லை.

கைமுறுக்குக்கு மட்டும் நான் வழி கண்டுபிடிக்கவில்லை. அதற்கு வழி கிடையாது. நசுக்கி முறுக்குவதுதான் அந்தப் பண்டம். அந்த அசைவை எடுத்துவிட்டால் அது வேறு பண்டம். நாழியில் பிழிந்தால் தேன்குழல் வரும், முள்ளுமுறுக்கு வரும், சுற்று முறுக்கு வராது. திருகுகிற பித்தளை நாழிகூட மணிக்கட்டுக்கு ஆகாது என்பதால் தீபாவளிக்கு மருமகன் பிழிகிறார். நான் மாவு பதம் சொல்வதோடு சரி. கொஞ்ச காலம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குச் சுற்றச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஆர்டர்கள் அவளுக்குப் போகின்றன. ஏழு சுற்றுவரை ஒரே பருமனில் சுற்றுகிறாள். ஒன்பதில் கொஞ்சம் தடுமாறுகிறாள். வெண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எதற்கும் மசியாமல் இன்னும் என்னோடு மல்லுக்கட்டுகிற சாமான் ஒன்று உண்டு: எவர்சில்வர் சம்படம். கண்ணாடி பாட்டிலின் மூடியை ரப்பர் கையுறை போட்டுத் திருகலாம், கரண்டிக் காம்பால் நெம்பிக் காற்றை விடலாம். சம்படத்தின் மூடிக்கு மரை இல்லை, விளிம்பு இல்லை, பிடிக்க ஒரு குமிழ் இல்லை. வழவழவென்று இறுகிக்கொள்ளும். உள்ளே துவரம்பருப்பு, வெளியே நான். நம் பெண்களின் சீதனத்தில் பாதி இந்தச் சம்படங்கள்தான். பரணிலும் அலமாரியிலும் இவைதான். நான் அன்றாடச் சாமானையெல்லாம் நெம்பித் திறக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றிவிட்டு, சம்படங்களில் வருஷத்துக்கு ஒரு தரம் எடுப்பதைப் போட்டு வைத்திருக்கிறேன்.

கும்பகோணம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். கடைத்தெருவில் பாத்திரம் எடுக்கும்போதெல்லாம் நான் கேட்கிறேன், சிரிக்கிறார்கள். ஆகவே இங்கேயும் எழுதி வைக்கிறேன். பாத்திரம் செய்கிற ஐயாமார்களே, சம்படத்து மூடியின் தலையில் உள்ளங்கை கொள்ளுகிற அளவுக்கு ஒரு குமிழ் வைத்து ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற மாதிரி விளிம்பையாவது வெளியே தள்ளி விடுங்கள். கூலி கொஞ்சம் கூடும். கூடுதலாகக் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறோம்.